முப்பத்தேழு என்ற பெயரில் இரண்டு பெட்டிகள்

பிப்ரவரி 17 — 412
பிப்ரவரி 24 — 391
மார்ச் 3 — 391
மார்ச் 10 — 338
மார்ச் 17 — 171
மார்ச் 24 — 26
மார்ச் 27 — 7
மார்ச் 28 — 6 (அடித்துத் திருத்தப்பட்டது: 7)
மார்ச் 31 — 7

இந்த எண்கள் என் தங்கையின் கணவர் அந்தந்த நாள் மாலையில் எனக்குச் சொன்னவை. அன்றைய தேதிக்கு இன்னும் எத்தனை பெட்டிகளை அவர் முடிக்க வேண்டியிருந்தது என்பதே கணக்கு. தினமும் குறித்து வைத்தேன். இங்கே வாரத்துக்கு ஒன்றும், கடைசியில் சில நாள்களும் மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன். மார்ச் 31-க்கு எதிரே சைபர் வந்திருந்தால் இதை எழுதும் வேலையே எனக்கு இருந்திருக்காது.

அவர் குடிநீர் வாரியத்தில் நெட்வொர்க் பார்ப்பவர். இருபத்தொரு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். நானும் அதே வாரியத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கருவிப் பதிவேடு எழுதினேன். எந்த நிலையத்தில் எந்தக் கருவி, என்று வந்தது, அதன் பெயர் என்ன, யார் பொருத்தினார்கள் என்பதையெல்லாம் எழுதி வைக்கும் வேலை. ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் தங்கை எங்கள் வீட்டின் கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அவர்களுக்குக் குழந்தை இல்லை, எனக்கு மனைவி இல்லை. அதனால் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர்கள் மாடியில், நான் கீழே.

மாப்பிள்ளை கேபிள் இழுக்கும் ஆளாக வாரியத்துக்குள் வந்தவர். அப்பா தையல்காரர். பள்ளிப் படிப்போடு சரி. மூன்றாவது ஆண்டில் ஏணியிலிருந்து விழுந்து இடது மோதிர விரல் மடங்காமல் போயிற்று. கேபிள் இழுக்க முடியாதவரைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே பொறியாளர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒன்பது விரலால் அடிக்கக் கற்றுக்கொண்டார். ஐந்தாறு ஆண்டில் எந்தப் பெட்டி தகராறு செய்தாலும் பொறியாளர்களே அவரைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாப் பெட்டிகளின் பாஸ்வேர்டும் அவருக்கு மனப்பாடம் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சாவிக்கொத்து' என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. அவருக்குப் பிடிக்கும்.

பெட்டி என்றால் ரவுட்டர். ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும், மேல்நிலைத் தொட்டியிலும் ஒன்று இருக்கும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்ற செய்தியை அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். அலுவலகத்திலிருந்து எல்லாப் பெட்டிக்கும் நேராகப் போக வழியில்லை. முதல் பெட்டிக்குள் நுழைந்து, அதற்குள்ளிருந்து இரண்டாவதற்குள் நுழைந்து, அங்கிருந்து மூன்றாவதற்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் அறைக்குள் அறை இருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கதவு இருப்பது போல. சில வரிசைகளில் இப்படி ஆறு, ஏழு அறைகள். நிலையங்களுக்கு நடுவே ரேடியோ இணைப்பு என்பதால், ஐந்தாவது அறையில் நின்று ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் தெரிய இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியும் அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பார். எழுத்து தெரிந்ததும் நிறுத்துவார். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் மாடிப்படியில் நின்று அந்த முணுமுணுப்பைக் கேட்டே, "இப்ப மூணாவது ரூம்ல இருக்காரு, காப்பி கொண்டு போகலாம், அஞ்சுக்குப் போயிட்டா ஆறிடும்" என்று சொல்வாள் என் தங்கை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் மூன்று நாள் வாரிய மருத்துவமனையில் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை. ஊழியர் குடும்ப அட்டை இருப்பதால் அது நடந்தது. ஒப்பந்தம் இருக்கும்வரைதான் அட்டை. வெளியே போய் அதே சிகிச்சை எடுக்க எங்கள் இருவர் வருமானமும் சேர்ந்தாலும் போதாது.

பிப்ரவரி 17 அன்று ஓர் ஆணை வந்தது. அதில் இரண்டு செய்திகள். ஒன்று, பெட்டிகளில் பழைய முறையில் லாகின் செய்வது ஆபத்து, வழியில் யாரும் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். எல்லாப் பெட்டியிலும் பூட்டிய முறைக்கு மாற்றி, புதுப் பாஸ்வேர்டு போட்டு, மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டும். இரண்டு, அன்றோடு ஒப்பந்தங்கள் எல்லாம் முடிகின்றன. ஒப்படைத்த வேலையை முடித்த ஒப்பந்த ஊழியர்கள் மட்டும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். ஐம்பத்தெட்டு வயது ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாப்பிள்ளைக்கு அடுத்த ஜனவரியில் ஐம்பத்தெட்டு. அவருக்கு ஒப்படைத்தது 412 பெட்டிகள்.

செயற்பொறியாளரைப் பார்த்து, ஒரு சில பெட்டி மிச்சம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாராம். "முடிச்சவங்க உள்ள, முடிக்காதவங்க வெளிய. ஒண்ணு மிச்சம்னாலும் மிச்சம்தான். இது நான் போட்ட ரூல் இல்ல சாவிக்கொத்து."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நான் கணக்குப் போட்டேன். கையால் அடித்தால் ஒரு பெட்டிக்கு நாற்பது நிமிடம். 412 பெட்டிக்கு 274 மணி 40 நிமிடம். மோட்டார்கள் ஓயும் மதியம் ஒரு மணி முதல் நான்கு மணி வரைதான் பெட்டிகளில் கை வைக்க அனுமதி. நாற்பத்திரண்டு நாளில், ஞாயிற்றுக்கிழமை உட்பட, 126 மணி. பாதிகூடத் தேறாது. தாளை அவர் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் பார்த்தார். தங்கை தாளைக் கவிழ்த்து அதன்மேல் குழம்புக் கிண்ணத்தை வைத்தாள்.

முதல் வாரம் கையால் அடித்து இருபத்தொரு பெட்டிகளை முடித்தார். அதற்குள் ஸ்கிரிப்ட் எழுதினால்தான் பிழைக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. ஸ்கிரிப்ட் என்பது, அவர் அடிப்பதையெல்லாம் அவருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே அடிக்க எழுதித் தரும் குறிப்பு. அவர் எனக்கு விளக்கியபடி எழுதுகிறேன். ஒரு வரி அனுப்பு; இன்ன பதில் வருகிறதா என்று காத்திரு; வந்தால் அடுத்த வரி; முப்பது விநாடிக்குள் வராவிட்டால் நிறுத்து. இதை ஒரு பெட்டிக்கு எழுதுவது சுலபம். அறைக்குள் அறைக்குள் அறையாகப் போகும்போதுதான் கஷ்டம். எந்த அறையில் நிற்கிறோம் என்று ஸ்கிரிப்டுக்குக் கண் கிடையாது.

பிப்ரவரி 24 முதல் மார்ச் 3 வரை ஒரு பெட்டியும் முடியவில்லை. அந்த எட்டு நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து அலுவலகம் போகும்வரை எழுதினார். முதல் சோதனையில் நான்காவது பெட்டியிலிருந்து வெளியே வரச் சொன்னால், ஸ்கிரிப்ட் வெளியேறும் விசையை ஒரு தடவை அழுத்தியது. உள்ளே கிடந்த பெட்டிகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. முதல் வாசலே அதை எடுத்துக்கொண்டு மொத்த இணைப்பையும் அறுத்துவிட்டது. எத்தனை அறை உள்ளே இருக்கிறோமோ, அதற்கேற்ப அந்த விசையைக் கூடுதல் தடவை அனுப்ப வேண்டுமாம். இதை அவர் சொன்னபோது தங்கை சிரித்துவிட்டாள்.

"பெட்ரூம் கதவ சாத்திட்டு வாங்கன்னு சொன்னா, இவரு வாசக் கதவ சாத்திட்டு ரோட்டுல நிக்கறாரு."

அவரும் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததாக என் குறிப்பில் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. மார்ச் 1.

மிகவும் கவனமானவர். இரண்டு காவல்கள் வைத்தார். ஒன்று, பத்து நிமிடக் கெடு. ஒரு பெட்டியில் எதையும் மாற்றுவதற்கு முன், பத்து நிமிடம் கழித்துத் தானாக அணைந்து பழைய நிலையில் எழுந்திருக்கும்படி அந்தப் பெட்டிக்கே உத்தரவு போடுவார். எல்லாம் சரியாக முடிந்தால் கெடுவை ரத்து செய்துவிட்டு, மாற்றத்தைப் பெட்டியின் நினைவில் எழுதிவிடுவார். தவறாகி வெளியே பூட்டப்பட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். இரண்டாவது காவல், பெயர். எந்தப் பெட்டிக்குள் நுழைந்தாலும் வரியின் தொடக்கத்தில் அது தன் பெயரைச் சொல்லும். நிலையத்தின் எண்தான் பெயர். ஒவ்வொரு வரியை அனுப்பும் முன்பும் அந்தப் பெயரைப் பார், அது நாம் போக வேண்டிய பெட்டிதானா என்று பார், இல்லாவிட்டால் நிறுத்து என்று எழுதினார். இணைப்பு அறுந்து முந்தைய அறைக்கு வந்து விழுந்தால், பெயர் மாறியிருக்கும், ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கேட்டபோது எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அதன்பின் எண்கள் இறங்கின. மார்ச் 10-க்கு 338. பெட்டிக்கு ஆறு நிமிடம் வரை வந்தது, 17-க்கு 171, 24-க்கு 26. முடிந்த பெட்டிகளின் பதிவை, அதாவது ஸ்கிரிப்ட் அடித்த வரிகளும் பெட்டிகள் சொன்ன பதில்களும் அடங்கிய தாள்களை, அவர் தினமும் அச்செடுத்து வருவார். நான் தேதிவாரியாகக் கோத்து வைப்பேன். எனக்கும் ஒரு வேலை வேண்டுமே. மார்ச் 27 மாலை வந்து, "ஏழு மச்சான்" என்றார். மிச்சம் இருந்த ஏழும் ஒரே வரிசையில், 37-ஆம் நிலையத்தின் வழியாகப் போய்ச் சேர வேண்டியவை. 28-ஆம் தேதி சனிக்கிழமை. அன்று காலை மருத்துவமனையில், ஊசி ஏற்றிய கையோடு படுத்துக்கொண்டு, நிரந்தரம் ஆனதும் முதல் வேலையாக அந்த மனிதனை நாலு நாள் தூங்க விட வேண்டும் என்றாள் தங்கை.

அன்று மதியம் 2.10-க்கு ஸ்கிரிப்ட் ஒரு பெட்டி 'முடிந்தது' என்று காட்டியது. அவர் எனக்கு போன் செய்து ஆறு என்றார். நானும் எழுதினேன். 2.25-க்கு அடுத்த பெட்டிக்குப் போகப் பார்த்தார். 37-ஆம் நிலையம் அவரை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. கதவைத் தட்டியதும் இணைப்பை அறுத்தது. பத்து நிமிடம் காத்திருந்தார். இருபது நிமிடம் காத்திருந்தார். நான்கு மணி வரை நாற்பத்தாறு முறை தட்டியதாகப் பதிவு இருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றாமலே மேசையில் உட்கார்ந்தார். "அடிச்சிடுங்க மச்சான். ஆறு இல்ல. ஏழு."

தாள்களை வாங்கி நான் வரி வரியாகப் படித்தேன். அது எனக்குப் பழக்கம். 214-ஆம் வரியில் பெட்டி 37 என்று பெயர் சொல்லியிருந்தது. 216-இல் பத்து நிமிடக் கெடு. 219-இல் இணைப்பு அறுந்தது என்ற செய்தி. 220-இல் மறுபடி 37 என்று பெயர். அதன்பின் மாற்றங்கள் எல்லாம் ஒழுங்காகப் போய், நினைவில் எழுதப்பட்டு, 'முடிந்தது'.

இணைப்பு அறுந்து முந்தைய அறையில் விழுந்த ஸ்கிரிப்டுக்கு அந்த அறையும் 37 என்றே பெயர் சொல்லியிருக்கிறது. 37-ஆம் நிலையத்தில் இரண்டு பெட்டிகள். மலைமேல் தொட்டியில் இருப்பது வரிசையில் மூன்றாவது, கீழே மோட்டார் கொட்டகையில் இருப்பது நான்காவது. இரண்டுக்கும் ஒரே பெயர். நான்காவது பெட்டிக்கு எழுதிய கட்டளைகள் முழுவதும் மூன்றாவது பெட்டியில் போய் விழுந்தன. அவற்றில் ஒன்று: 'மூன்றாவது பெட்டியிலிருந்து வருபவரை மட்டும் உள்ளே விடு.' அதை மூன்றாவது பெட்டியே ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அது தன்னிடமிருந்து வருபவரை மட்டுமே தனக்குள் விடும். அப்படி வர யாராலும் முடியாது. பத்து நிமிடக் கெடுவோ நான்காவது பெட்டியில் போடப்பட்டது. அது சொன்ன சொல் தவறாமல் அணைந்து எழுந்தது. மூன்றாவது பெட்டிக்குக் கெடுவே இல்லை; அணைத்து எழுப்பினாலும் தவறான கட்டளை அதன் நினைவில் எழுதப்பட்டுவிட்டது. தண்ணீர்ச் செய்திகள் தடங்கலின்றிப் போய்க்கொண்டிருந்தன. மாப்பிள்ளைக்கு மட்டும் கதவு அடைத்துவிட்டது.

இனி ஒரே வழி. நேரில் போய், பெட்டியின் முதுகில் கேபிளைச் சொருகி, லேப்டாப்பில் திருத்த வேண்டும். அரை மணி வேலை. நிலையம் 190 கிலோமீட்டர் தூரம்.

மறுநாள் ஞாயிறு. காலை 5.20 பஸ்ஸில் இருவரும் புறப்பட்டோம். அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மடியில் லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு, வழி நெடுக முணுமுணுக்காமல் வந்தார். பஸ் நின்ற இடத்திலிருந்து மேடேற ஐம்பது நிமிடம் ஆயிற்று. 11.35-க்குத் தொட்டி வாசலில் நின்றோம்.

காவலாளி எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கம்பிக் கதவு போட்ட சின்ன அறை. உள்ளே, நாலடி தூரத்தில், அலமாரியில் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அறைச் சாவி அரக்கு முத்திரை வைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் சுவரில் தொங்கியது. முத்திரையை உடைக்கச் செயற்பொறியாளரின் கடிதம் வேண்டும். இல்லையென்று மாப்பிள்ளை சொன்னார். தன் அடையாள அட்டையைக் காட்டினார். என் ஓய்வூதியப் புத்தகத்தை நான் காட்டினேன். மனைவியின் மருத்துவமனை அட்டையையும் எடுத்துக் காட்டினார். காவலாளி மூன்றையும் பொறுமையாகப் படித்தார்.

"நீங்க பொய் சொல்லல சார், மூஞ்சிலயே தெரியுது. ஆனா சீலை உடைச்சா என் வேலை போயிடும். நானும் கான்ட்ராக்ட்டுதான்."

அதற்குமேல் மாப்பிள்ளை அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிச் செயற்பொறியாளருக்கு போன் செய்தார். நான்காவது முறை எடுத்தார். திங்கள்கிழமை எழுத்தில் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போனில் முத்திரை உடைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்றார். திரும்பி வந்த மாப்பிள்ளை கம்பிக் கதவின் முன் நின்றார். கேபிளைப் பையிலிருந்து எடுத்தார். கம்பிக்குள் கையை நீட்டினார். தோள் வரை உள்ளே போயிற்று. விரல் நுனிக்கும் பெட்டிக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் இருந்தது. காவலாளி தலையைத் திருப்பிக்கொண்டார். கையை இழுத்தபோது கம்பியில் உரசி முழங்கையில் தோல் வழன்றிருந்தது. கேபிளை வளைவு வளைவாகச் சுற்றி, ரப்பர் போட்டுப் பைக்குள் வைத்தார். அதைச் சுற்றி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

30-ஆம் தேதி காலை 10.05-க்கு விண்ணப்பம் கொடுத்தார். கடிதமும் வண்டியும் ஏப்ரல் 1-க்கு அனுமதி ஆயின. அன்று ஒரு நிரந்தரப் பொறியாளர் போய், இருபத்தைந்து நிமிடத்தில் சரி செய்தார். மிச்சம் இருந்த ஏழையும் மாப்பிள்ளையின் ஸ்கிரிப்டை வைத்தே ஏப்ரல் 4-க்குள் முடித்தார்கள்.

ஏப்ரல் 2 விசாரணை. பத்து நிமிடத்தில் முடிந்தது. ஸ்கிரிப்ட் தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். ஒரே பெயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்துப் பார்த்த எனக்குக் கோபம் வந்தது. ஒரு நிலையத்தில் இரண்டு பெட்டிக்கு ஒரே பெயர் வைத்தது யார், அதை ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"விடுங்க மச்சான்."

"என்னத்த விடறது? யாரு மாப்ள வெச்சது?"

"நான்தான் வெச்சேன். பதினாறு வருஷம் முன்னாடி. மறந்தே போயிருந்தேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "உங்ககிட்ட வந்து கேட்டேன். 37 ஏ, 37 பி-ன்னு போடட்டுமான்னு. ரெஜிஸ்டர்ல அதுக்குக் கட்டம் இல்ல, ஒரு நிலையம் ஒரு பேருதான்னீங்க."

எனக்கு நினைவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் என் மேசைக்கு வந்து எதையோ கேட்டு, கட்டம் இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கணக்கு இல்லை.

"இத ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா உங்க பேரு வரும். பென்ஷன்ல கை வெப்பாங்க. அப்புறம் மூணு பேரும் எதுல சாப்பிடறது?"

தங்கை அருகிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் வரை மூன்று நாளாக இருந்த சிகிச்சையை அன்றுதான் இரண்டாகக் குறைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களின் குடும்பத்துக்கு ஜூன் 30 வரை வாரம் இரண்டு, அதன்பின் இல்லை. அன்றைய வியாழன் சிகிச்சை இல்லாததால் அவள் முகம் அப்போதே உப்பத் தொடங்கியிருந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தவள் கணவரிடம் சொன்னாள்.

"நல்லா இருக்கு. நீங்க அவரக் காப்பாத்துறீங்க, அவரு ரெஜிஸ்டரக் காப்பாத்துறாரு. நடுவுல நான் செத்துப் போறேன்." பிறகு என்னிடம் சொன்னாள். "அண்ணே, ஆயுசு பூரா எழுதியே தீத்தீங்களே. இதையும் எழுதுங்க."

ஏப்ரல் 6 அன்று வாரிய ஆவண அறைக்குப் போனேன். அந்தப் பதிவேடு இருந்தது. பக்கம் 118. 37-ஆம் நிலையம், இரண்டு வரி, இரண்டு தொழிற்சாலை எண்கள், பெயர்க் கட்டத்தில் 37, அதன் கீழே 37. என் கையெழுத்து. ஓரத்தில் சிவப்பு மையில்: 'பொருத்துநர் தனித்தனிப் பெயர் கோருகிறார். விதிப்படி இடமில்லை.' கீழே என் சுருக்கொப்பமும் தேதியும். நான் மறந்ததைப் பதிவேடு மறக்கவில்லை.

நகல் எடுத்து, நடந்ததை நான்கு பக்கத்தில் எழுதி, 214 முதல் 220 வரையான வரிகளை இணைத்து, ஏப்ரல் 11 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. மே 6 நினைவூட்டல். மே 19 அன்று, பரிசீலனையில் உள்ளது என்று ஒற்றை வரி வந்தது. ஜூன் 2 மூன்றாவது கடிதம். நடுவில் இரண்டு முறை நேரில் போனேன். என் பழைய மேசையில் இப்போது ஒரு பிரிண்டர் இருக்கிறது. அங்கிருந்த குமாஸ்தா, இந்த விண்ணப்பத்துக்கு எந்தப் பிரிவு என்று தெரியவில்லை ஐயா, படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை என்றார்.

மாப்பிள்ளை வேலை தேடி ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார். ஐம்பத்தேழு வயதும் பள்ளிப் படிப்பும் கொண்ட ஆளை உட்கார வைத்துப் பேசவே யாரும் தயாராக இல்லை. ஒரு கடையில் கேமரா பொருத்த ஏணி ஏறினார். மற்ற நேரம் மாடியில் லேப்டாப்பைத் திறந்து, எந்தப் பெட்டியோடும் சேராத அந்த ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பெயரை நம்பாமல் தொழிற்சாலை எண்ணைக் கேட்டு உறுதி செய்யும்படி மாற்றினார். இணைப்பு அறுந்தது என்ற செய்தி எங்கே வந்தாலும் நிற்கும்படி மாற்றினார்.

மே கடைசியில் தங்கையால் படி ஏற முடியாமல் போயிற்று. என் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்தேன். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அந்த அளவையும் நான்தான் எழுதினேன். ஜூன் 14, 600 மில்லி. ஜூன் 20, 450. ஜூன் 26 அன்று மூச்சு வாங்கியது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் மாப்பிள்ளையிடம் அட்டையின் கடைசித் தேதியைக் காட்டி, ஜூலை முதல் எங்கே பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். அவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் அருகில்தான் நின்றேன்.

அதற்கு மறுநாள் காலை 11.40-க்குத் தபால்காரர் வந்தார். வாரியத்தின் உறை. மாப்பிள்ளை பிரிக்க மாட்டேன் என்று என்னிடம் நீட்டினார். கட்டிலருகில் நின்று நான்தான் படித்தேன். மூன்று பத்தி. முதலாவது: நிரந்தரமாக்கும் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இரண்டாவது: ஒரே பெயருள்ள பெட்டிகள் வேறு நிலையங்களிலும் இருக்கலாம் என்பதால், அனைத்துக்கும் தனிப் பெயரிடும் பணிக்காக அவருடைய ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்படுகிறது, குடும்ப மருத்துவ அட்டை அதே காலத்துக்குச் செல்லும், சிகிச்சை வாரம் மூன்று முறை. மூன்றாவது: முன்னாள் பதிவேட்டுக் காப்பாளரின் பணிப் புத்தகத்தில் கண்டனம் பதியப்படுகிறது.

முப்பத்தாறு ஆண்டுகளில் என் பணிப் புத்தகத்தின் குறிப்புரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. இனி இருக்காது. எழுதியது சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். தங்கை உப்பிய கையால் அவர் தலையைத் தடவினாள்.

"அப்ப இன்னும் ஒரு வருஷம் உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் பாக்கணுமா?" என்றாள். பிறகு என்னிடம், "தேதி போட்டு வெச்சிக்கங்க அண்ணே" என்றாள்.

போட்டு வைத்தேன். கடிதத்தில் அவர்கள் இட்ட தேதி ஜூன் 12. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதி ஜூன் 29.